இருநூற்று முப்பத்தொன்பது

இருநூற்றுப் பதினான்கு. இப்போதுதானே இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது, அதற்குள் என்ன அவசரம் உனக்கு என்று பூங்கோதை ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிர்ந்த எண்ணை மனதுக்குள் அதட்டினாள். கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு அது, பாரன்ஹீட்டில். இத்தனை வருஷமாக இதே வண்டியில் மளிகைக்கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்திருக்கிறாள், இப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது, கியர்பாக்ஸுக்கு என்று தனியாக ஒரு காய்ச்சல் வரும் என்பதும் தெரியாது. பின்னால் பத்தொன்பது அடிக் கேம்பரை, அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் வைத்த ஒரு குட்டி வீட்டை, கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு கொலராடோ மலைமேல் ஏற ஆரம்பித்த பிறகு உலகத்தில் வேறு எண்ணே இல்லை என்று ஆகிவிட்டது. பக்கத்து இருக்கையில் செழியன் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினார். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு உழைத்து ஓய்வு பெற்ற மனிதர், காலையிலிருந்து சமவெளி முழுக்க அவர்தான் ஓட்டினார், அடிவாரத்தில் தயிர்சாதம் சாப்பிட்டு முடித்ததும் சாவியை அவள் மடியில் போட்டு, "நீ போடிக்காரி, மலை ஒன்னோட டிபார்ட்மெண்ட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். போடிமெட்டுக்கு அவள் பஸ்ஸில் போய்ப் புளிப்பு மிட்டாய் சப்பியபடி வாந்தியை அடக்கிய ஆள்தான், ஓட்டியவள் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது, வாங்கிக்கொண்டாள். டேஷ்போர்டில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. 220 வரை கவலை இல்லை. 230 கவனம். 240 நிற்கணும். 250 எண்ணெய் கருகும். சீட்டில் எழுதாத இன்னொன்றும் உண்டு, அதை வாயால் சொல்லியிருந்தார், கிளம்பிய முதல் நாளே. "இருநூத்தி நாப்பதத் தொட்டுச்சுன்னா அதோட சரி கோதை. திரும்பிடுவோம். இந்த வயசுல நடுரோட்ல நிக்கிற பொழப்பு நமக்கு வேணாம். கேம்பர வித்துட்டு ஒழுங்கா வீட்ல இருப்போம்." அவர் அதை எப்போதும்போலச் சத்தமில்லாமல், நாளைக்கு மழை வரலாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவளுக்குத்தான் அது முள்ளாகத் தைத்துவிட்டது. இருநூற்றுப் பதினாறு.

வீட்டில் இருப்போமாம். வீடு ஒன்றும் குறைவில்லை, டாலஸில் நான்கு படுக்கையறை, இரண்டு மாடி, பின்னால் புல்வெளி, பெண் சியாட்டிலுக்கு வேலைக்குப் போனபின் அத்தனையிலும் இரண்டே பேர். அவர் மேலே, அவள் கீழே. சாப்பாடு ரெடி என்று கீழேயிருந்து போனில் மெசேஜ் அனுப்புவாள், மேலேயிருந்து ஒரு கட்டைவிரல் பதிலாக வரும். சண்டை கிடையாது, அதுதான் வேடிக்கை, சண்டை போட்டிருந்தாலாவது எதிரெதிரே நின்றிருப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் உங்க வீட்ல எவ்வளவு அமைதி என்று மெச்சுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள். இந்தக் கேம்பரில் அப்படி முடியாது. அடுப்படியிலிருந்து கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினாலும் உரசாமல் போக முடியாது, உரசிவிட்டுப் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. முதல் ராத்திரி அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீ எந்தப் பக்கம் படுக்கிற?" என்று கேட்டார். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை! அவள் சுவர்ப்பக்கம் என்றாள். வீட்டில் எப்போதும் கதவுப்பக்கம் படுத்தவள், உண்மையில் அவளுக்குச் சுவர்ப்பக்கம்தான் பிடிக்கும், யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கல், மூச்சு விடாமல் குடித்தாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஏதோ ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து, விருதுநகரில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு செவலை நாய்க்குப் பயந்து இரண்டு தெரு சுற்றிப் போன கதையைச் சொன்னார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இந்த ஆளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா, இதை இத்தனை வருஷம் எந்த அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார் என்று நினைத்தாள். இன்னும் எத்தனையோ நாய்க்கதை அவரிடம் இருக்கும். இன்னும் இரண்டு மாசப் பயணம் பாக்கி இருக்கிறது. அவளுக்கு சந்தோஷமாக இருந்தது, வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம், இந்த எண் மட்டும் கொஞ்சம் ஒழுங்காக இருந்தால். இருநூற்று இருபத்திரண்டு. கவலை இல்லை என்ற வரி தாண்டிவிட்டது.

ஏசியை அணைத்தாள். அது அவரே சொன்னதுதான், ஏசி இன்ஜினுக்குச் சுமை. சுமை. இந்த வார்த்தையை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் செவலை நாயையும் டீயையும் நினைத்தாள், கடைசியில் அங்கேயே வந்து நின்றாள். சோபாவுக்கு அடியில் வெட் கிரைண்டர் இருக்கிறது. கல் வைத்த கிரைண்டர், பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி, பலகையை மூடி, மேலே மெத்தையைப் போட்டு வைத்திருக்கிறாள். கிளம்புவதற்கு முன் அவர் பண்ணிய அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. குளியலறைத் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சாமானாக நிறுத்தார். குக்கரை நிறுத்தார், குக்கர் விசிலைத் தனியாக நிறுத்துப் பார்த்தார், முள் அசையவில்லை, அதையும் எழுதிக்கொண்டார். "வெயிட்டுதான் எமன் கோதை. மலையில ஒவ்வொரு கிலோவும் கணக்கு." கிரைண்டர் என்று அவள் வாயெடுத்ததும், "மிக்ஸி போதும்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். மிக்ஸியில் அரைத்த மாவில் இட்லி சுட்டால் அது இட்லியா? மூன்று மாசம் அந்தத் தண்டனையை யார் அனுபவிப்பது? அதனால்தான் ஒளித்தாள். அப்போது பெரிய வீரமாகத்தான் இருந்தது, இப்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கல் பின்னாலிருந்து அவள் முதுகைப் பிடித்து இழுத்தது. அவர்கூடத் தன் டெலஸ்கோப்பை எடுத்து வரவில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாக வாங்கியது, டாலஸ் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் மலைக்குப் போகணும் கோதை, அங்கதான் வானம் இருக்கும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், மலைக்கே கிளம்பும்போது அதை கராஜிலேயே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, இடமில்லை என்றார். ஆசை விட்டுப்போயிருக்கும், வயசாகிறது என்று அவளும் விட்டுவிட்டாள். இருநூற்று இருபத்தேழு. ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வர, ஜூலை மாச மத்தியானத்தில் ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள். கால்மாட்டிலிருந்து அனல் ஏறியது. ஜன்னலை இறக்கினாள். பைன் மர வாசனையும் சூடான பிரேக் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன, பிரேக் வாசனை தன்னுடையதா எதிரே இறங்கும் லாரியினுடையதா என்று ஒரு நிமிஷம் மூக்கை உறிஞ்சி ஆராய்ந்தாள், லாரிதான். செழியன் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாகப் பூத்தது. தூங்குங்க, நல்லாத் தூங்குங்க, எழுந்திருக்கவே எழுந்திருக்காதீங்க என்று வேண்டிக்கொண்டாள், வேண்டியபின் அந்த வேண்டுதல் எவ்வளவு அபசகுனம் என்று உறைத்து, இல்லை, மேலே போனதும் எழுந்திருங்க என்று அவசரமாகத் திருத்தினாள்.

முப்பத்தொன்று. கவனம். நூறுகளைச் சொல்ல நேரமில்லை இனி. சாலை ஒரு பக்கம் பாறைச் சுவரும் ஒரு பக்கம் வெறும் ஆகாயமுமாக மேலே மேலே போனது, வண்டி ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கும் மறுபடி பழையதுக்கும் தாவிக்கொண்டிருந்தது, முடிவெடுக்கத் தெரியாதவர் மாதிரி. இன்ஜின் கொஞ்சம் சத்தம் எழுப்பினாலே அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியது, வண்டி மேல் கியருக்குப் போய் அமைதியானது, அமைதியாகி முக்கியது. இது பழக்கம். அவளுக்கும் அவருக்கும், ஊரில் வண்டி ஓட்டிப் பழகிய எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம், வண்டி கத்தக்கூடாது. கத்தினால் பெட்ரோல் குடிக்கிறது, கத்தினால் இன்ஜின் தேய்கிறது, டக்கென்று டாப் கியருக்குப் போய்விட வேண்டும். போன வாரம் ஒரு ராத்திரி கேம்பரில் வண்டியின் கையேட்டை அவள் சத்தமாகப் படித்தபோது, ஏற்றத்தில் சுமை இழுத்தால் கியரைக் குறையுங்கள், இன்ஜின் வேகமாகச் சுழலும், அந்தச் சத்தம் இயல்பானது என்று போட்டிருந்தது. செழியன் சிரித்தார். "அவனுக்கென்ன, எழுதிட்டுப் போயிருவான். வண்டி நம்ம வண்டி." அவளும் சிரித்தாள். ஆனால் அதற்கடுத்த வரி இப்போது ஞாபகம் வந்தது, சத்தம் வராமல் மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் சூடு உள்ளேயே தங்கும். உள்ளேயே தங்கும். முப்பத்துநான்கு. அவர் அம்மா இறந்தபோது விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியவில்லை, போனை வைத்தார், கராஜுக்குப் போய் வேக்கம் கிளீனரைப் போட்டார். அரைமணி நேரம் அது அலறியது. இந்த நேரத்தில் போய்க் கார் சுத்தம் செய்கிறாரே, என்ன மனுஷன் இவர் என்று அவள் அடுப்படியில் நின்று கோபப்பட்டாள். மறுநாள் காரில் ஏறினால் மிதியடியில் அதே மண், அதே முறுக்குத் தூள். அப்போதுகூட அவளுக்குப் புரியவில்லை, நன்றாகச் சுத்தம் செய்யத் தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். பதினோரு வருஷம் கழித்து, இந்த மலையில், இந்த அனலில் புரிந்தது. அரைமணி நேரம் அவர் எதையும் சுத்தம் செய்யவில்லை, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதிருக்கிறார். ஐயோ, நான் உள்ளே போயிருக்கலாமே, போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. முப்பத்தாறு. சரி கத்து, என்றாள் வண்டியிடம். கியர்த் தண்டை இழுத்து, ஒன்று, இரண்டு என்று கீழே தட்டினாள்.

வண்டி அலறியது. இன்ஜின் சுழற்சி மீட்டரில் முள் நாலாயிரத்தைத் தாண்டிப் போய் நின்றது, தரை அதிர்ந்தது, கப்பிலிருந்த தண்ணீர் அதிர்ந்தது, அவள் கால் பழக்கதோஷத்தில் தளர்த்தப் பார்த்தது, தளர்த்தவிடாமல் பிடித்தாள். செழியன் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன கோதை, என்னாச்சு? ஏன் வண்டியப் போட்டு இப்பிடிக் கத்த விடுற?"

"கத்தட்டும்ங்க."

"இன்ஜின் போயிரும்! மேல தள்ளு, மேல் கியருக்குத் தள்ளு." அதற்குள் அவர் கண் எண்ணில் விழுந்துவிட்டது. "முப்பத்தெட்டா? ஓரமா நிறுத்து."

"நிறுத்த மாட்டேன். நாப்பதுதான நீங்க போட்ட கோடு? இன்னும் ரெண்டு இருக்கு."

"ஹீட்டர வேற போட்டு வச்சிருக்க. கோதை, நான் சொல்றதக் கேளு..."

"இத்தன வருசம் கேட்டேன்ல!" என்றாள். சத்தமாகத்தான் வந்தது, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே, அந்தச் சாக்கில் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. "நாப்பது தொட்டா வித்துருவேன்னு சொன்னீங்க. விக்க விட மாட்டேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயி, கீழ இருந்து மெசேஜ் போட என்னால ஆகாது. எனக்கு இதான் பிடிச்சிருக்கு. நீங்க பேசுறது பிடிச்சிருக்கு. அந்தச் செவல நாய் பிடிச்சிருக்கு!"

முப்பத்தொன்பது. இருநூற்று முப்பத்தொன்பது. சொன்ன வார்த்தைகள் எல்லாம் வண்டிக்குள் அனலோடு சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார், பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார், கெடுத்தேன், நானே கெடுத்தேன் என்று நொந்துகொண்டாள். ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது, ஸ்டியரிங்கை அகலமாகப் பிடித்து, கேம்பரின் பின்சக்கரம் கோட்டுக்குள் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துத் திருப்பினாள், சோபாவுக்கு அடியில் கல் நகர்ந்ததுபோல ஒரு சத்தம், நிஜமா பிரமையா தெரியவில்லை. வளைவு தாண்டி நிமிர்ந்தபோதும் முப்பத்தொன்பதுதான். ஏறவில்லை. ஒரு மைல் தூரம் அது அப்படியே நின்றது, ஒரு மைல் தூரம் வண்டி அலறியது, அவள் காலை எடுக்கவில்லை. பிறகு முப்பத்தெட்டு. அவர் கையை நீட்டி, ஹீட்டர் காற்று அவள் முகத்தில் அடிக்காதபடி துவாரத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். முப்பத்தேழு. முப்பத்துநான்கு.

"உனக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. கத்திதான் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு அது பழக்கமில்லாததால் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. "இந்தச் சின்ன டப்பாக்குள்ள என்கூட மூணு மாசம். பாவம், மூச்சு முட்டுமேன்னு. ஒனக்குத் திரும்பணும்னு தோணுனா சொல்றதுக்கு ஒரு சாக்கு இருக்கட்டும்னுதான் நாப்பதுன்னு சொன்னேன். விக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

மேலே உச்சியில் ஒரு வெளி இருந்தது. மழைத்தண்ணீர் இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு கடலுக்கும் அந்தப் பக்கம் விழுந்தால் வேறு கடலுக்கும் போகும் என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். நிறுத்தியதும் செழியனின் கை தானாகச் சாவிக்குப் போனது, சூடான வண்டியை உடனே அணைத்து பானெட்டைத் திறக்கும் ஊர்க் கை அது. பூங்கோதை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அணைக்காதீங்க. ஓடட்டும். ஓடுனாத்தான் எண்ணெய் சுத்தி ஆறும், நின்னா சூடு உள்ளயே தங்கிரும். கையேட்டுல இருக்கு." அவர் சரி என்றார். பிடித்த கையை அவளும் விடவில்லை, அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. இருநூற்று இருபது. பதினாறு. எண் இறங்குவதைப் பார்ப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யார் கண்டது! குளிர்ந்த காற்று உள்ளே வந்து கழுத்து வியர்வையைத் தொட்டது. இப்போதே சொல்லிவிடலாம், சூட்டோடு சூடாக, ஒரே நாளில் எல்லாவற்றையும்.

"என்னங்க, இன்னொண்ணும் சொல்லணும். சோபாவுக்கு அடியில கிரைண்டர் இருக்கு. நீங்க வேணாம்னு சொன்னீங்க, நான்தான் ஒளிச்சு வச்சேன். அந்த வெயிட்டுலதான் சூடாயிருச்சு."

அவர் டேஷ்போர்டின் முன்பெட்டியைத் திறந்து, சாமான் பட்டியலை எடுத்து, நாலாவது பக்கத்தைப் புரட்டி அவள் மடியில் வைத்தார். குக்கர் விசில், 0. முதலுதவிப் பெட்டி, 0.9. அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருந்தது: டெலஸ்கோப், ஸ்டாண்டோடு, 15.1. அடித்த வரிக்குக் கீழே, அதே நுணுக்கி நுணுக்கி எழுதும் கையெழுத்தில்: கோதை, சோபா அடியில், சேலையோடு, 14.8. கீழே கோடு, மொத்தம்.

பூங்கோதை அந்த இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றிப் படித்தாள். அவள் தூங்கியபின் இந்த மனுஷன் மெத்தையைத் தூக்கி, பலகையைத் திறந்து, கல்லை எடுத்துக்கொண்டு தராசுக்கு நடந்து, நிறுத்து, அவள் சுற்றிய மாதிரியே சேலையைச் சுற்றி, திரும்ப வைத்திருக்கிறார். இடுப்புவலிக்காரர். எழுத்து கலங்கியது.

"ராத்திரி வானத்த எதுலங்க பாப்பீங்க?"

"கண்ணு இருக்குல்ல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உளுந்து இருக்கா?" என்றார்.

"இருக்கு. ரெண்டு கிலோ. அரிசி அஞ்சு கிலோ."

"எங்க?"

"கட்டிலுக்கு அடியில, ஒங்க பக்கமா."

"அது லிஸ்ட்ல இல்லையே" என்று பதறி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் சிரித்தாள், அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் மொத்தத்தை அடித்துப் புதுசாக எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இறக்கத்துக்கும் இரண்டாவது கியரிலேயே போட்டாள், வண்டி கத்த ஆரம்பித்தது, இந்தத் தடவை அவர் ஜன்னலை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, விருதுநகரில் இரண்டாவதாக ஒரு நாய் இருந்தது கோதை என்று ஆரம்பித்தார்.